யார் கையெழுத்து வேண்டும்?

“ஒவ்வொரு மாத்திரையா பிதுக்கிப் பிதுக்கி வாஷ்பேசின்ல போட்டார் சின்னம்மா, எங்க வீட்டுக்காரர். அப்புறம் தண்ணியத் திருகி விட்டார். நான் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.”

என் அக்கா மகள் இதைச் சொன்னபோது சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் ஊற்றிக்கொண்டிருந்தோம். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கரண்டியால் வேட்டித் துணிமேல் வட்டம் வட்டமாக விட்டுக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். பதினான்கு மாதப் பெண் குழந்தை கீழே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. முதல் பிரசவம் சிசேரியன். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடு என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கருத்தடை மாத்திரை வாங்கித் துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். சாம்பாருக்குப் பருப்பெடுத்த மாமியார் கையில் அது அகப்பட்டது. “ஆம்பளப் புள்ள ஒண்ணு பொறக்கட்டும், அப்புறம் நீயே போய் ஆபரேஷன் பண்ணிக்க” என்றாராம் வீட்டுக்காரர்.

நான் கேட்ட முதல் கேள்வி, “அடிக்கிறாரா கண்ணு?” என்பதுதான். “இல்ல சின்னம்மா.” அதைக் கேட்டதும் மனசு லேசானது. அப்படி லேசானது தவறு என்று புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எப்போது பிள்ளை பெறுவது, பெறுவதா வேண்டாமா, எத்தனையோடு நிறுத்துவது ஆகிய முடிவுகளை ஒரு பெண்ணின் கையிலிருந்து கணவனோ காதலனோ குடும்பமோ பிடுங்கிக்கொள்வதைத்தான் இங்கே பேசுகிறேன். அமெரிக்க மருத்துவர் எலிசபெத் மில்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, இது குடும்ப வன்முறையின் தனி வகையாக மருத்துவ உலகில் பேசப்படுகிறது. கர்ப்பமாகச் சொல்லி நெருக்குவதும் மிரட்டுவதும் ஒரு வகை. மாத்திரையை எறிவது, ஆணுறையைத் தெரியாமல் கழற்றிவிடுவது, கருப்பையில் பொருத்தியிருக்கும் காப்பர் டியை எடுக்கச் சொல்வது என்று கருத்தடையைக் கெடுப்பது இன்னொன்று. கர்ப்பமான பிறகு வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று தானே தீர்மானிப்பது மூன்றாவது.

தமிழில் இதற்கு நிலைத்த சொல் ஒன்று இன்னும் அமையவில்லை. ஆனால் சேலத்துப் பேச்சில் இதன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாக்கியம் உண்டு. “கல்யாணமாகி ஒரு வருஷம் ஆச்சே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?” “தள்ளிப் போடாதீங்க, அப்புறம் தங்காது.” “இதக் கலைச்சிட்டு வந்துரு, அடுத்தது பாத்துக்கலாம்.” “நம்ம குடும்பத்துல ஆம்பளைங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டது கெடயாது.” இவற்றைச் சொல்பவர் பெரும்பாலும் வில்லனாக இருப்பதில்லை. பெரியம்மா, நாத்தனார், எதிர்வீட்டு அக்கா, சில நேரம் பெற்ற தாய். கணவன் ஒருவன் மட்டும் நெருக்கும் வீடுகளைவிட, ஊரே சேர்ந்து ஒரு பக்கம் தள்ள, அவன் நடுவில் உட்கார்ந்திருக்கும் வீடுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளை விஷயத்தில் கருத்து வேறுபடுவது இயல்பு. அவருக்கு இரண்டு வேண்டும், இவளுக்கு ஒன்று போதும். பேசுவார்கள், சண்டை கூடப் போடுவார்கள். அது வன்முறை ஆகாது. “வேண்டாம்” என்று அவளால் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா, சொன்ன பிறகும் அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா என்பதுதான் வித்தியாசம். மாத்திரையைப் பருப்பு டப்பாவில் ஒளிக்க வேண்டியிருந்தது என்பதே அவளுக்கு அது முடியவில்லை என்பதற்குப் போதுமான அடையாளம். கன்னத்தில் அறை விழுந்ததா என்று நான் கேட்டிருக்கத் தேவையே இல்லை.

சேலத்துக்கு இதில் ஒரு கனத்த வரலாறு இருக்கிறது

பெண் சிசுக்கொலை என்றதும் நாட்டுக்கே நினைவுக்கு வந்த மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது சேலத்தில்தான். ‘கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுவிடுங்கள்’ என்று ஓர் அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011இல் அது 900ஐத் தாண்டியது. நிலைமை மாறியது உண்மை. ஆனால் சிசுக்கொலை குறைந்த அதே காலத்தில் ஸ்கேன் கருவி ஊர் ஊராக வந்ததையும் மறக்க முடியாது.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ‘தாய்மார்கள் கொன்றார்கள்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தாய்க்கு அடுத்த கர்ப்பம் எப்போது என்று தீர்மானித்தது யார், அவளை ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனது யார் என்று கேட்டவர்கள் குறைவு. சட்டம் எழுதியவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் 1994இல் வந்தது. அதன் 24ஆம் பிரிவு, பரிசோதனைக்குப் போன கர்ப்பிணியை அவளுடைய கணவரோ உறவினரோதான் கட்டாயப்படுத்தியிருப்பார் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இல்லையென்றால் எதிர்த்தரப்பு நிரூபிக்கட்டும். அந்த வாசல்களில் நின்ற பெண்களின் நிலைமையை அறிந்தவர்களால்தான் இப்படி ஒரு வரியை எழுதியிருக்க முடியும்.

குடும்பக் கட்டுப்பாட்டின் பாரம் யார் மேல் இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தழும்பில்லாத, சிறிய, அன்றைக்கே வீடு திரும்பக்கூடிய வாசெக்டமியை ஆயிரத்தில் ஒருவர் இருவர்கூடச் செய்துகொள்வதில்லை. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் அரசு பணம் போடுவதற்கும் பெற்றோரில் ஒருவர் அறுவை செய்துகொண்ட சான்று வேண்டும். ‘ஒருவர்’ என்றுதான் விதி சொல்கிறது. எங்கள் தெருவில் அந்த ஒருவராக ஒரு ஆண் போனதை நான் பார்த்ததில்லை.

கையெழுத்து

எங்கே போனாலும் காதில் விழும் வாக்கியம், “வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்மா.” காப்பர் டி போட, எடுக்க, கலைக்க, குடும்பக் கட்டுப்பாடு செய்ய என்று எல்லாவற்றுக்கும் அது தேவை என்று படித்தவர்களே நம்புகிறார்கள். என் அக்கா மகளும் நம்பினாள். நானும்தான்.

மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971ஆம் வருடத்தது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அதன்படி அவளுடைய சம்மதம் மட்டும் போதும். படிவம் சி என்று ஒரு தாள் உண்டு. அதில் அவள் கையெழுத்துக்குத்தான் இடம். பதினெட்டு நிறையாதவர் என்றாலோ மனநோய் உள்ளவர் என்றாலோதான் காப்பாளர் கையெழுத்து. கணவர், மாமியார், அப்பா யாருடைய ஒப்புதலையும் சட்டம் கேட்கவில்லை. 20 வாரம் வரை, சட்டம் சொல்லும் காரணங்கள் இருப்பதாகப் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் கருதினால் போதும். உடல்நலத்தோடு மனநலமும் அந்தக் காரணங்களில் வரும்; அவள் வாழும் சூழலையும் மருத்துவர் கணக்கில் எடுக்கலாம். கருத்தடை தோற்றுப்போய் உண்டான கர்ப்பமும் காரணமே. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், கர்ப்பத்தின் நடுவில் கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்தானவர் போன்ற சிலருக்கு 2021 திருத்தம் இதை 24 வாரம் வரை நீட்டியது. அதற்கு மருத்துவர் இருவரின் கருத்து வேண்டும். அவள் பெயரையும் விவரத்தையும் வெளியே சொல்லும் மருத்துவருக்குத் தண்டனை உண்டு.

2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. திருமணமாகாதவள் என்பதற்காக ஒரு பெண்ணுக்கு இந்த உரிமையை மறுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு, கணவன் செய்யும் வல்லுறவும் வல்லுறவுதான். குற்றவியல் சட்டத்தில் மனைவி மீதான வல்லுறவுக்கு இன்னமும் விதிவிலக்கு இருக்கிறது; அது எனக்குக் கோபமூட்டும் விஷயம். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெண்ணுக்கு இந்தத் தீர்ப்பு கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. குடும்பத்தாரின் ஒப்புதல், தேவையில்லாத சான்றுகள் என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடுவதையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

எதிர்ப்பக்கத்திலும் சட்டம் அவள் பக்கம்தான். அவளுக்குப் பிள்ளை வேண்டும், குடும்பத்துக்கு வேண்டாம் என்றால் யாரும் கலைக்க முடியாது. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். பாலில் கலந்து கொடுத்தாலும், ‘சத்து மாத்திரை’ என்று ஏமாற்றிக் கொடுத்தாலும் குற்றமே. மருந்துக் கடையில் யாரோ வாங்கி வந்த கலைப்பு மாத்திரையால் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணைப் பார்த்தால், யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ உடனே 108.

பெண்ணின் கருத்தடை அறுவைக்கும் துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்றே மத்திய அரசின் வழிகாட்டி சொல்கிறது. ஆஸ்பத்திரிகளில் கேட்பது பழக்கத்தால். பிற்பாடு வீட்டுக்காரர் வந்து சத்தம் போடுவாரோ என்ற பயத்தால். அந்தப் பயம் புரியாமல் இல்லை. ஆனால் அதற்கான விலையை அந்தப் பெண் கட்டுகிறாள்.

நான் செய்த தவறு

மொட்டை மாடியிலிருந்து அவள் இறங்கிப் போன அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன். அக்கா அழுதாள். மாமா கோபப்பட்டார். அடுத்த ஞாயிறு ஊரில் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ‘பேசி முடிக்க’ போனார்கள். காபி வந்தது. “சின்னஞ்சிறுசுக, அனுசரிச்சுப் போகணும்” என்றார்கள் பெரியவர்கள். மாப்பிள்ளை தலையாட்டினார். எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்து வந்தோம்.

அன்று ராத்திரியே அவள் போன் பறிபோனது. இரண்டு மாதம் தாய்வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக்கூட விடவில்லை. பிறகு அவள் வந்தபோது நாள் தள்ளிப் போயிருந்தது.

“உங்ககிட்ட மட்டும்தானே சின்னம்மா சொன்னேன்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தோடு நான் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி ஒரு முடிவெடுத்தேன். அவள் உடம்பின் மேல் ஏற்கெனவே மூன்று பேர் அதிகாரம் செலுத்திக்கொண்டிருந்தார்கள்; நான் நான்காவது ஆளாகப் போய்ச் சேர்ந்தேன், அன்பின் பெயரால். கட்டுப்படுத்தும் ஆட்களுக்கு, அவள் வெளியே பேசுகிறாள் என்று தெரிய வருவதுதான் பெரிய சவால். தெரிந்ததும் பிடி இறுகும். இது பல வீடுகளில் நடப்பது. நான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி இப்படி யாராவது என்னிடம் சொன்னால் மூன்று வாக்கியம்தான் பேசுவது என்று வைத்திருக்கிறேன். “நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. நான் என்ன பண்ணட்டும், என்ன பண்ண வேணாம், ரெண்டையும் நீ சொல்லு.” கடைசியில் வரும் அந்த ‘பண்ண வேணாம்’ மிக முக்கியம். “ஏன் முன்னாடியே சொல்லல”, “நீ ஏன் எதிர்த்துக் கேக்கல” என்பவை வேண்டவே வேண்டாம். வாஷ்பேசின் பக்கத்தில் அவள் வாய்திறக்காமல் நின்றது கோழைத்தனம் என்று நான் முதலில் நினைத்தேன். கைக்குழந்தையோடு அந்த ராத்திரியைக் கடக்க அவள் போட்ட கணக்கு அது.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள்

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும்போது ஒரு செல் நம்பர் கேட்பார்கள். நம்மூர்ப் பெண்கள் பழக்கத்தில் வீட்டுக்காரர் நம்பரையே சொல்லிவிடுகிறார்கள். கர்ப்பம் அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் பதிவானதும் எஸ்எம்எஸ் அந்த நம்பருக்குத்தான் போகும். மருந்துக் கடையில் ஜிபே போட்டால் கடைப் பெயரோடு கணக்கில் நிற்கும். உதவி செய்ய நினைப்பவர் முதலில் கொடுக்கக்கூடியவை ஒரு நம்பரும் கொஞ்சம் ரொக்கமும். அவள் போனில் ‘கருத்தடை’, பெண்கள் உதவி எண்ணான ‘181’ என்றெல்லாம் தேட வேண்டாம். நம் போனில் தேடிக் காட்டலாம். வாட்ஸ்அப்பில் அறிவுரை எழுதி அனுப்பாதீர்கள். பேசுவதற்கு நேரில் ஒரு சாக்கு இருக்க வேண்டும். எங்களுக்கு வடாம் இருந்தது, பிறகு தடுப்பூசி நாள் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகும் பெண்ணை எந்த மாமியாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எந்தக் கருத்தடை என்பதைத் தேர்ந்தெடுப்பது அவளும் டாக்டரும். ஆனால் ‘வீட்டில் தெரியக் கூடாது’ என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நினைவூட்டலாம். அது மருத்துவத் தகவல்தான். மாத்திரை கண்ணில் படும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும் அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வீட்டில் ஒளிக்க எதுவும் இல்லை. காப்பர் டி உள்ளேயே இருக்கும், அதன் நூலைக் குட்டையாக வெட்டிவிடச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் எந்தக் கையேட்டிலும் நான் படிக்காத ஒரு சிக்கல் நம் வீடுகளில் உண்டு. வீட்டுக்கு விலக்கானால் ஒதுங்கி உட்காரும் வழக்கம் இருக்கும் குடும்பங்களில், மருமகளின் மாதக்கணக்கு மாமியாரின் விரல் நுனியில் இருக்கும். ஊசி போட்டால் மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். நின்றால் ‘உண்டாயிருக்கா’ என்று வீடே கொண்டாடக் கிளம்பும். காப்பர் டி போட்டால் முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடலாம். ‘என்ன இந்தத் தடவ ஏழு நாளாச்சு?’ என்ற கேள்வி வரும். இதையெல்லாம் முன்கூட்டியே அவளோடு பேசி, என்ன பதில் சொல்வாள் என்பது வரை யோசித்து வைப்பதும் உதவிதான். சட்டப்பிரிவுகளைவிட இந்தப் பேச்சு அவளுக்கு அதிகம் பயன்பட்டது.

அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்றாலும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பெரும்பாலும் ‘இல்லை’ என்பார்கள். பல வருடங்களாக இதே நிலை. அதனால் சுகாதார நிலையத்தில் கேட்பதே வழி. ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டாலும் அதே வேலையைச் செய்யும்.

சேலம் டவுனில் இருப்பவளுக்கு இவ்வளவு கதவுகளாவது இருக்கின்றன. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். மலைமேல் சில வருடம் வேலை பார்த்த தோழி சொல்வாள்: அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், சுகாதாரச் செவிலியர் வீட்டுக்காரருக்கு அக்கா முறை ஆவார், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கொழுந்தனார் இருப்பார். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் தாண்டிக் கீழே இறங்கி, பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று, மறுபடி மலையேறினால் ஒரு நாள் கூலி போச்சு. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அந்த ஒரு நாளை யாரும் சும்மா விட மாட்டார்கள். நாகலூர்ப் பக்கத்திலோ இன்னும் உள்ளடங்கிய மலையாளிப் பழங்குடிக் கிராமத்திலோ இருப்பவளுக்கு இன்னும் தூரம். அங்கே துணை என்பது கூட ஒரு ஆள் வருவது. “எனக்குக் கண் காட்டணும், தொணைக்கு இவள அனுப்புங்க” என்று ஒரு பெரியம்மா கேட்டு அழைத்து வந்தால், கேள்வியே இல்லாமல் கீழே வந்துவிடலாம். பார்க்க வேண்டிய டாக்டரை இருவரும் பார்த்துவிட்டுப் போகலாம்.

சட்டத்தின் உதவி வேண்டும் என்று அவளே கேட்டால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் ‘மனரீதியான வன்முறை’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், பிள்ளை இல்லை என்றோ ஆண் பிள்ளை இல்லை என்றோ இழிவுபடுத்துவதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. இதற்கு முதலில் போலீஸுக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், அல்லது நேராக மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அந்த வீட்டிலேயே வாழும் உரிமையையும் சட்டம் தருகிறது, வீடு மாமனார் பெயரில் இருந்தாலும். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம், போனில் 15100. பெண்களுக்கான உதவி எண் 181. தங்குமிடம், ஆலோசனை, மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மனசு தாங்காத ராத்திரிகளுக்கு 14416. பெண் பதினெட்டு வயது நிறையாதவள் என்றால் 1098. அது குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்துக்குள் வரும், வேறு பாதை.

அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. ஆனாலும் என் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஒரே ஒரு நிலைமை வேறு: உயிருக்கு ஆபத்து. கழுத்தைப் பிடித்து நெரித்தான் என்று ஒரு முறை சொன்னாலும் அதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் வயிற்றில் உதைத்தாலும் அப்படியே. அப்போது 112.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒன்று. உங்கள் அண்ணனோ நண்பனோ “அவ மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டேன்” என்று டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்லும்போது சிரிக்காமல் இருங்கள். “அது தப்புடா” என்று நீங்கள் சொன்னால் அதற்கு அந்த இடத்தில் இருக்கும் கனம், நாங்கள் பத்துப் பேர் சொன்னாலும் வராது.

என் அக்கா மகள் ஏழு வாரக் கர்ப்பத்தோடு வந்தபோது, கலைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். சிசேரியன் தையலை நினைத்து எனக்குப் பயம். சட்டமெல்லாம் படித்து வைத்திருந்தேன், டாக்டர் பெயர்கூட எழுதி வைத்திருந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, “இத நான் பெத்துக்கறேன் சின்னம்மா” என்றாள். “அவருக்காகவா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, இப்போதும் முழுசாகப் பிடிக்கவில்லை. என் வாயை மூடிக்கொண்டு, முதல் செக்கப்புக்கு நான் கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். சரி என்றாள்.

இது ஏழாம் மாதம். பிக்மியில் இந்தத் தடவை என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். செக்கப் தேதி எனக்கு வருகிறது, தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்க்கப் போகிற சாக்கில் நேரில் போய்ச் சொல்கிறேன். போன வாரம், பிரசவமானதும் அங்கேயே காப்பர் டி போட்டுக்கொள்ள முடியுமா, அதற்கு யார் கையெழுத்து வேண்டும் என்று விசாரிக்கச் சொன்னாள். நர்சம்மாவிடம் விசாரித்தேன். சிசேரியன் என்றாலும் அப்போதே போடலாம், உன் கையெழுத்து மட்டும் போதும் என்று போய்ச் சொன்னேன். “சரி” என்றாள், வடாம் ஊற்றிய அன்றைக்குப் போலவே தலையை நிமிர்த்தாமல். போட்டுக்கொள்ளப் போகிறாளா என்று நான் கேட்கவில்லை.